ஒரு நாளைக்கு 750 மில்லி

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது என் கணவரின் இடது கையைத் தொட்டுப் பார்ப்பது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஃபிஸ்டுலா வைத்த இடத்தில் இரண்டு விரலை வைத்தால் உள்ளே தேனீ ஒன்று சிறகடிப்பதுபோல அதிரும். அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது. அதிர்வு இல்லை என்றால் அடைப்பு. அப்போதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைத்து உண்டாக்கிய அந்தச் சிறு மேட்டின் வழியாகத்தான் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அவருடைய ரத்தம் வெளியே வந்து, டயாலிசிஸ் இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்புகிறது. விரலில் அதிர்வு பட்டதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் தானாகச் சொல்லும். எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் காலை ஜெபம் அங்கேதான் தொடங்குகிறது.

போன மாதம் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சபையில் ஒரு தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவருக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிட்டதாம். "அக்கா, நீங்கள் எப்படி ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். என் கை பல முறை நழுவியிருக்கிறது, அதை முதலில் கேள் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவள் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். அவர் அப்போது செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். நான் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரைகளை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். நானும் பெரிதாக வற்புறுத்தவில்லை. 2017 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில் நீரிழிவைப் பற்றியே வெகுநேரம் பேசினார். நாங்கள் இருவரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்குப் பின் மூன்று மாதம்கூட ஆகவில்லை. கால் வீங்கி, மூச்சு இரைத்து, வாயில் இரும்பின் சுவை வருகிறது என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்தார். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் நீரிழிவுதான் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அப்போது அந்தக் கணக்கு காதில் ஏறவில்லை. அவர் கழுத்தில் குழாய் செருகியிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஓராண்டு நான் ஜெபித்த ஜெபங்களை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது. உபவாசம் இருந்தேன். பொருத்தனை செய்தேன். சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் யாராவது தானம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை ஆண்டவர் செய்தே ஆக வேண்டும் என்று அவருக்கு நானே வழி வகுத்துக் கொடுத்தேன். என் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன். பரிசோதனையில் எனக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஆகாது என்றுவிட்டார்கள். மகள் கொடுக்கிறேன் என்றாள். அவர் சம்மதிக்கவே இல்லை. இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெற 1987 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. ஆனாலும் காத்திருப்போர் பட்டியல் நீளம்; ஒன்பது ஆண்டுகள்கூட ஆகலாம் என்றார்கள். பட்டியலில் பெயர் ஏறிய அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். அவருக்கு ஒரு கரண்டி.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அந்தத் தங்கைக்காக எழுதுகிறேன். 2018 நடுவில், தெரிந்தவர் வீட்டில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனோம். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் என் கணவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "சுகமாகிவிட்டது. இனி அந்த ஊசியைத் தொடுவது அவிசுவாசம்" என்றார். அது ஒரு சனிக்கிழமை மாலை. அன்று காலைதான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. அடுத்தது செவ்வாய். செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. நானும் போங்கள் என்று சொல்லவில்லை. இருவருமாகச் சேர்ந்துதான் அந்த முடிவை எடுத்தோம். புதன் இரவு அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணையை வைத்து அதில் சாய்ந்துகொண்டார். உதடு நீலமாக மாறத் தொடங்கியதும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தேன். நுரையீரலில் நீர் நிரம்பியிருந்தது. பொட்டாசியம் ஏறி, இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கலாம் என்ற நிலை. அந்த நள்ளிரவில் அவசர டயாலிசிஸ் செய்துதான் காப்பாற்றினார்கள்.

அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வசனம் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று பிசாசு சொன்னபோது இயேசு கொடுத்த பதில்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." நாங்கள் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டு உப்பரிகையிலிருந்து குதித்திருக்கிறோம். எசேக்கியா ராஜாவின் கதையையும் பிறகு எங்கள் போதகர் எடுத்துக் காட்டினார். பதினைந்து வருடம் ஆயுசு கூட்டித் தருவேன் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் புண்ணின்மேல் பற்றுப் போடவைத்தார். வாக்கும் இருந்தது, மருந்தும் இருந்தது. நோயில் இருக்கும் யாரிடமாவது மருந்தை நிறுத்து என்று ஆண்டவர் பெயரால் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அந்த இரவுக்குப் பின் ஒரு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறப்பேன், எழுத்து தெரியும், ஒன்றும் உள்ளே போகாது. எனக்கு மறுபடி வாசல் திறந்தது அடுப்படியில். எப்படி என்று சொல்கிறேன்.

அவருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி நீர்தான். கோப்பி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், எல்லாம் அதற்குள் அடக்கம். சிறுநீர் ஏறக்குறைய வருவதே இல்லை. குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ்வரை உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ ஏறும். அதிகம் ஏறினால் இயந்திரம் அதிகமாக இழுக்க வேண்டும். அப்போது காலில் தசைப்பிடிப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயம் களைத்துப்போகும். சிங்கப்பூர் வெயிலில் 750 மில்லி எவ்வளவு சிறிது என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். ஒரு தாதி சொல்லிக்கொடுத்த வழியைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். காலையில் ஒரு புட்டியில் 750 மில்லி தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்துவிடுவேன். அவர் எதைக் குடித்தாலும் அதே அளவுத் தண்ணீரைப் புட்டியிலிருந்து கொட்டிவிட வேண்டும். புட்டி காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. எலுமிச்சைச் சாறு கலந்து சிறு பனிக்கட்டிகளாக உறையவைத்தால் ஒன்றை வாயில் வெகுநேரம் அடக்கிக்கொள்ளலாம். உப்பைக் குறைத்தால் தாகமே பாதியாகும். நூறு அறிவுரைகளைவிட இது உதவியது.

ஒரு நாள் மாலை நான்கு மணிக்கே புட்டி காலி. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "நாளைக்குரியதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கக் கூடாதா?" என்றார். எனக்குச் சட்டென்று யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு ஆண்டவர் வானத்திலிருந்து கொடுத்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவு என்று அளந்தார்கள். அன்றைக்குரியது அன்றைக்கு. பயந்துபோய் மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு பிடித்து நாறியது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து நான் சொல்லிக்கொடுத்த கதைதான். அதுவரை அதை அற்புதத்தின் கதையாகவே சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடம் அந்த ஜனங்கள் ஒரு நாள்கூட மறுநாளின் உணவைக் கண்ணால் பார்க்காமல் தூங்கப்போனார்கள் என்பது அந்த மாலையில்தான் உறைத்தது. ஆறாம் நாள் மட்டும், ஓய்வுநாளையும் கடக்க, இரண்டு பங்கு. எங்களுக்கும் சனிக்கிழமை முடிந்தால் செவ்வாய்வரை நீண்ட இடைவெளி. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வாரத்தில் மிக ஆபத்தான நாட்கள் அவைதான். அந்த இரண்டு நாளும் நான் கூடுதலாகக் கவனமாக இருப்பேன்.

அன்றிலிருந்து என் ஜெபம் சுருங்கியது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதில் 'இன்று' என்ற சொல்லில் அழுத்தி நிற்கப் பழகினேன். சுகம் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதையே தராசில் வைத்து, ஆண்டவர் உண்மையுள்ளவரா இல்லையா என்று எடைபோடுவதை விட்டுவிட்டேன். இன்று ஊசி சரியாக இறங்க வேண்டும். இன்று அழுத்தம் சரியக் கூடாது. இன்று அவர் மனம் உடையக் கூடாது. இப்படிக் கேட்டால் மாலையில் திரும்பிப் பார்க்கும்போது எதற்குப் பதில் வந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

திருவிருந்து ஞாயிறுகளில் அவர் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் திராட்சரசத்தைத் தனித்தனிச் சிறு கிண்ணங்களில் கொடுப்பார்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி அளவுகூட இருக்காது. வீட்டுக்கு வந்ததும் அவர் புட்டியிலிருந்து அந்த ஒரு கரண்டி தண்ணீரையும் அளந்து கொட்டுவார். "இதைக்கூடவா கணக்கில் சேர்க்க வேண்டும்?" என்று முதல் முறை கேட்டேன். "இதுதான் என் பங்கில் முதல் வாய். இதைக் கணக்கில் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது?" என்றார். நாற்பது ஆண்டுகளாகத் திருவிருந்து எடுத்திருக்கிறேன். தாகத்தோடு எடுப்பவரை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன்.

டயாலிசிஸ் நிலையம் எங்கள் புளோக்கிலிருந்து நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி, ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுத் தமிழர் ஒருவர் இருந்தார். ஓஃபிர் ரோட்டில் இருக்கிற லூர்து அன்னை ஆலயத்தின் பங்கைச் சேர்ந்தவர். 1888இல் எழும்பிய அந்த ஆலயத்தில்தான் தன் தாத்தாவுக்குத் திருமுழுக்கு என்று பெருமையாகச் சொல்வார். என் அம்மா ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தில் வளர்ந்தவர் என்று தெரிந்ததும், "இரண்டும் கூப்பிடு தூரம்தானே, நாம் ஒரே ஊர்க்காரர்கள்" என்றாராம். ஊசி குத்தும் நேரத்தில் இருவரும் 23ஆம் சங்கீதத்தை மாறி மாறிச் சொல்வார்கள். இவர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பார். அவர் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்பார். வரிக்கு வரி சொல் மாறும், முடிக்கும் இடம் ஒன்று. தாதிகள் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ. ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அது முடிகிறவரை காத்திருந்து இரண்டாவது ஊசியைக் குத்துவார்களாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே யாரும் சொல்வதில்லை; காலியாக இருந்தால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. "இன்று சங்கீதத்தை முடிக்க ஆளில்லை" என்றார். பிறகு, எட்டு வருடத்தில் முதலும் கடைசியுமாக, சத்தம்போட்டு அழுதார். ஆண்டவரிடம் கோபப்பட்டார். அந்த நல்ல மனிதரை ஏன் எடுத்தாய், என்னை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

அப்படிக் கேட்காதீர்கள் என்று தடுக்க என் வாய் வரை வந்தது. தடுக்கவில்லை. அதற்கு முன் ஆண்டில் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்: "ஜெபிக்க முடியாவிட்டால் தாவீதிடம் கடன் வாங்குங்கள் அம்மா. 13ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள்." "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது அது. 88ஆம் சங்கீதம் அதைவிடக் கடினம். ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். முறையிடுகிறவன் எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்புவதால்தான் முறையிடுகிறான். அன்றிரவு இருவரும் 88ஐ வாசித்தோம். ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தது.

கொவிட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரே முடங்கிக் கிடந்தது. ஆலயக் கதவு மூடியிருந்தது. ஆராதனை கைப்பேசித் திரையில். டயாலிசிஸ் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு அந்தப் பெரிய பஸ் போவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பண விஷயத்தைப் பேசாமல் விசுவாசத்தைப் பற்றி எழுதுவது அரைகுறை. அவர் கப்பல் பட்டறை வேலையை விட வேண்டியதாயிற்று. திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பில் பாதுகாவலராக இருக்கிறார். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் ஒரு பகுதியைக் கட்டியது. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து டயாலிசிஸுக்கு மாதம் 450 வெள்ளி எடுத்தோம். அப்படியும் துண்டு விழுந்தது. மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள் என்று முதல் வாரமே சொன்னார்கள். நான் ஏழு மாதம் போகவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாரிடமும் கைநீட்டக் கூடாது என்ற மானம்தான் அது. நகையை அடகு வைத்த பிறகு போனேன். குடும்ப வருமானத்தை எழுதிக்கொடுத்தோம், கட்டணச் சலுகை கிடைத்தது. அந்த அம்மாள், சீனப் பெண்மணி, "இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்றுதான் கேட்டார். தீர்க்கதரிசி எலியாவுக்குக் காகத்தின் மூலம் அப்பம் வந்தது. எனக்கு வந்த காகத்தை ஏழு மாதம் விரட்டியிருக்கிறேன். தங்கையே, நீ முதல் வாரமே போ. வருமானத் தாள்கள், மருத்துவ அறிக்கை, மத்திய சேமநிதிக் கணக்கு விவரம் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போ.

சபையார் செய்த உதவிகளில் என் நெஞ்சில் நிற்பவை சிறியவை. ஓர் அக்கா வீட்டுக்கு வந்து, ஆறுதல் சொல்வதற்கு முன் உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். எது ஆகும், எது ஆகாது என்று எழுதிய அந்தத் தாளைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டிக்கொண்டார். உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பொட்டாசியம் குறையும் என்பதை எனக்கே அவர்தான் செய்து காட்டினார். வாழைப்பழம், இளநீர் கூடாது. நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அவர் கையால் முட்டைக்கோஸ் பொரியலும் முட்டை வெள்ளைக்கருப் பொடிமாசும் வந்தன. ஒரு தம்பி செவ்வாய்க்கிழமை காலைகளில் தன் வேனில் கொண்டுபோய் விட்டார். எந்த நாளும் 'நான் ஜெபிக்கிறேன் அண்ணா' என்று அவர் சொன்னதில்லை. ஐந்து மணிக்கு வேன் கீழே நிற்கும்.

வேறு விதமாகப் பேசியவர்களும் உண்டு. எந்தப் பாவத்துக்காக இது என்று யோசித்தீர்களா என்று கேட்டார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள். அந்த வசனம் இருக்கிற ரோமர் எட்டாம் அதிகாரம் எனக்கும் உயிர்தான். அதை அழுகிறவர் தானாகச் சொல்ல வேண்டும், பார்க்க வந்தவர் சொல்லக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள் அவர்கள் செய்தது நல்லது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

பராமரிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான். எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டான். நான் ஒரு கட்டத்தில் பள்ளியில் பிள்ளைகள்மேல் எரிந்து விழத் தொடங்கினேன். என் சர்க்கரையும் ஏறியிருந்தது. மகள் வந்து மாதம் இரண்டு இரவுகள் அப்பாவோடு தங்குகிறாள். அந்த இரவுகளில் நான் என் சொந்தத் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்குகிறேன். அதைச் சுயநலம் என்று நினைத்து ஓராண்டு தவிர்த்தேன். தவிர்த்திருக்கக் கூடாது.

2021இல் அவருக்கு இதயத்தில் கோளாறு தெரிந்தது. மாற்றுச் சிறுநீரக அறுவையை உடல் தாங்காது என்று சொல்லி, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் அத்தனை ஆண்டு கேட்ட இரண்டு வழிகளில் இரண்டாவதும் அன்று மூடியது. வரும்போது எம்ஆர்டி ரயிலில் இருவரும் பேசவில்லை. ஈசூன் நிலையத்தில் இறங்கி நடக்கும்போது அவர்தான் சொன்னார்: "பவுலும் மூன்று முறை கேட்டார். முள்ளை எடுக்கவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரும் மூன்று முறை கேட்டார். கிண்ணம் நீங்கவில்லை. பிதா அவரைக் கைவிட்டுவிட்டார் என்று வெள்ளிக்கிழமை சிலுவையில் பார்த்தவர்களெல்லாம் நினைத்திருப்பார்கள்." சற்றுத் தூரம் நடந்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமையை நான் நம்புகிறேன்" என்றார். எனக்கு அன்று அந்த அளவு விசுவாசம் இல்லை. அவர் விசுவாசத்தின் மேல் சாய்ந்துகொண்டு வீடுவரை நடந்தேன். கணவன் மனைவியில் ஒருவர் தளரும் நாளில் மற்றவர் தாங்குவது எங்களுக்கு எப்போதும் கிடைத்த பெரிய கிருபை. இருவரும் ஒரே நாளில் தளர்ந்த சமயங்களில் சபை தாங்கியது.

நம் சபைகளில் சாட்சி என்றால் முடிந்த கதை. நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானது, அல்லேலூயா. அந்தச் சாட்சிகளைக் கேட்டு நானும் கைதட்டியிருக்கிறேன், இனியும் தட்டுவேன். ஆனால் நடுவில் நிற்கிறவர்களுக்கும் எழுந்து பேச ஓர் இடம் வேண்டும். சாமுவேல் எபெனேசர் கல்லை நாட்டும்போது "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்றுதான் சொன்னார். எதிரிகளான பெலிஸ்தரின் தொல்லை அதோடு ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. இம்மட்டும். அந்தச் சொல்லை மட்டும் தலைப்பாக எழுதி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தினமும் ஒரு வரி. எடை, குடித்த அளவு, ரத்த அழுத்தம் எழுதிய பிறகு, அன்று கிடைத்த ஒன்று. 'ஊசி ஒரே தடவையில் இறங்கியது.' 'பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஆரஞ்சு கொடுத்தார், வேறு வீட்டுக்குக் கொடுத்தோம்.' 'அவர் சிரித்தார்.' எதுவும் கிடைக்காத நாட்களில் 'எதுவும் தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறேன். அப்படியும் சில பக்கங்கள் உண்டு. இப்போது பதினொன்றாவது குறிப்பேடு நடக்கிறது. மனம் கலங்கும் இரவுகளில் பழையதில் ஒன்றை எடுத்து எங்கேயாவது திறந்து வாசிப்பேன். பயந்தபடி நடந்த நாட்களும் அதில் இருக்கின்றன. அந்த நாட்களிலும் ஒரு வரி இருக்கிறது.

நேற்று இரவு அந்தத் தங்கை அழைத்தாள். கணவருக்கு மறுநாள் முதல் டயாலிசிஸ். கை நடுங்குகிறது, ஜெபம் வரவில்லை என்றாள். சரி, நான் ஜெபிக்கிறேன், நீ கேள் என்றேன். நாளைய நான்கு மணி நேரத்துக்காக மட்டும் ஜெபித்தேன். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஆமென் சொன்ன பிறகு சிறிது நேரம் அமைதியாக இருந்தாள். பிறகு, "பையில் என்ன எடுத்துவைக்க வேண்டும் அக்கா?" என்று கேட்டாள். தடித்த போர்வை ஒன்று, காலுறை, கை தளர்ந்த சட்டை, சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள இரண்டு மிட்டாய் என்றேன். அங்கே குளிர் அதிகம், போர்வையை மட்டும் மறந்துவிடாதே என்றேன்.